வாதி, அருள்மிகு இரும்பய்யனார்

1. என் பெயர் சி. தாயுமானவன். வயது 57. தகப்பனார் பெயர் சிதம்பரநாதன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பத்தொரு ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழில் செய்து வருகிறேன்.

2. நொச்சிமேட்டுக்குப்பம் கடற்கரையில் நடப்பட்டுள்ள ஓர் இரும்புப் பொருள் பற்றிய வழக்கில், அதை நேரில் ஆய்ந்து அறிக்கை தர நீதிமன்றம் என்னை ஆணையராக நியமித்துள்ளது. அறிக்கைக்குக் கெடு 17.8.1998.

3. வாதி, மேற்படி இரும்புப் பொருளே. குப்பத்து மீனவர்கள் அதை இரும்பய்யனார் என்று வணங்குகிறார்கள். சட்டத்தின் கண்ணில் தெய்வம் சொத்து வைத்துக்கொள்ளவும் வழக்குத் தொடரவும் உரிமையுள்ள நபர். ஆனால் எத்தனை வயதானாலும் மைனர். ஆகவே பூசாரி செங்கேணி அம்மாள் காப்பாளராக நின்று வழக்கை நடத்துகிறார்.

4. பிரதிவாதி, அரசின் ஒரு துறை. அது சாமியல்ல, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்றின் பீரங்கி, அருங்காட்சியகத்துக்குச் சேர வேண்டியது என்பது துறையின் வாதம். கப்பலின் குறி அதில் இருந்தால் துறை தூக்கிச் செல்லும். இல்லையென்றால் சாமி இருந்த இடத்தில் இருக்கும். இரு தரப்பும் அப்படித்தான் நம்புகின்றன.

5. இக்குறிப்பேடு என் சொந்த நினைவுக்காக. இதில் உணர்ச்சிகள் பதியப்பட மாட்டா.

3.8.1998, திங்கள்

காலை 9.40க்கு நொச்சிமேடு சேர்ந்தேன். பேருந்து நிற்குமிடத்திலிருந்து மணலில் பன்னிரண்டு நிமிட நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

வாதியைப் பார்த்தேன். தரைக்கு மேல் உயரம் நான்கடி இரண்டங்குலம். மஞ்சளும் எண்ணெயும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இரண்டங்குலக் கனத்துக்குக் காய்ந்திருக்கின்றன. இதைக் காப்பு என்கிறார்கள். உச்சியில் குமிழ் போன்ற தலை. பீரங்கி என்றே வைத்துக்கொண்டால், வாய் மண்ணுக்குள் புதைந்து, பின்புறம் வானத்தைப் பார்க்கத் தலைகீழாக நடப்பட்டுள்ளது. குறிகள் பின்புறத்தில்தான் இருக்கும் என்று துறை சொல்கிறது. அப்படியானால் அவை தலைக்குச் சற்றுக் கீழே, காப்புக்கு உள்ளே இருக்க வேண்டும்.

காப்பைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று செங்கேணி அம்மாளைக் கேட்டேன். அறுபத்தைந்து வயதிருக்கும். சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"நீங்க குளிக்கிறப்ப நான் வந்து பாக்கட்டுமா, வக்கீலய்யா?"

அது என் கேள்விக்கு விடையாகாது என்றேன்.

"சரி, எத்தினி மணிக்குக் குளிப்பீங்க? அதயாச்சும் சொல்லுங்க."

மீன்கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

குப்பத்துத் தலைவரான நாட்டார் அஞ்சாபுலி வழக்கத்தை விளக்கினார். ஆண்டுக்கு ஒரு முறை, ஆடிக் கடைசி வெள்ளியன்று, சாமியைச் சுற்றிப் பாய்த்துணி கட்டுவார்கள். செங்கேணி கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பழைய காப்பைக் கழற்றி, கடல்நீரில் குளிப்பாட்டி, புதுக்காப்புச் சாத்துவார். அந்த மறைப்புக்குள் யார் போனாலும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"அம்மணமா நிக்கிற சாமிய இதுவரைக்கும் ஒருத்தனும் பாத்ததில்ல சார். எங்க அப்பன் பாட்டன் ஒருத்தனும்."

வீடு திரும்பி நீதிமன்ற ஆணையை மீண்டும் படித்தேன். 'வழிபாட்டு வழக்கத்துக்கு ஊறு நேராமல் மேற்பரப்பைப் பரிசோதித்து' என்று இருக்கிறது. 'கண்ணால்' என்ற சொல் எங்கும் இல்லை. இருமுறை சரிபார்த்தேன்.

மனைவி தனபாக்கியம் சென்னையில் தன் அக்காள் வீட்டில் இருக்கிறாள். ஒரு சிறு பரிசோதனை. இரவுக்கு நானே உப்புமா செய்தேன். அதைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதற்கில்லை.

4.8.1998, செவ்வாய்

14ஆம் தேதி மறைப்புக்குள் கண்கட்டிக்கொண்டு, கையால் தடவி ஆய்வு நடத்துவதாக இரு தரப்புக்கும் அறிவிப்பு அனுப்பினேன். இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. முப்பத்தொரு ஆண்டுகளில் இது முதல் முறை.

6.8.1998, வியாழன்

துறையின் உதவிக் காப்பாட்சியர் எமிலி ஞானசெல்வம் அலுவலகம் வந்தார். நாகர்கோவில்காரர்; வயது இருபத்தெட்டு. துறை தாக்கல் செய்த ஆவணத்தின் அறுபத்தொரு பக்க ஒளிநகலும், அதைப் படிக்கும்படி அடித்த தட்டச்சுப் படியும் கொண்டுவந்தார். கப்பலின் நாள்வழிக் குறிப்பும் அதைச் சேர்ந்த கடிதங்களும் என்றார். கப்பலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், ஊற்றிவைத்த காப்பி ஆறிப்போவதைக் கவனிக்கவில்லை.

அவர் கூறியதன் சாரம்: கப்பல் 1653இல் தேம்ஸ் நதிக்கரையில் கட்டப்பட்டது. நாற்பத்திரண்டு பீரங்கிகள். அரசரின் தலையை வெட்டிவிட்டு நாடாளுமன்றமே ஆண்ட காலம். அதனால் கப்பலுக்கு உடன்படிக்கை என்று பொருள்படும் 'கவனன்ட்' என்று பெயரிட்டார்கள். போர்க்கப்பலுக்கு ஒப்பந்தத்தின் பெயர் வைத்தவர்கள் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது. ஏழு ஆண்டுகளில் வெட்டுண்ட அரசரின் மகன் திரும்பி வந்தார். கப்பலின் பெயர் 'ராயல் ஹார்ட்', அதாவது அரச மான், ஆயிற்று. முகப்பிலிருந்த பாதிரியார் சிலையை அறுத்தெடுத்துவிட்டு ஒரு மானை வைத்தார்கள்.

"அதே பலகை, அதே ஆணி சார். பேரு மட்டும்தான் வேற."

சென்ற ஆண்டு நம் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களை மாற்றியதைப் போல என்றேன். அவர் சிரித்தார். நான் ஒப்புமைக்காகவே சொன்னேன்.

"ஆனா பீரங்கி இரும்புல வார்த்தது சார். அதுல அரசர் இல்லாத அரசாங்கத்தோட சின்னம் இருந்துது. ஒரு சிலுவை, ஒரு யாழ். அத அழிக்க முடியல. அரசரோட கப்பல், அரசர வெட்டினவங்க முத்திரை. அப்படியே முப்பது வருஷம் சுத்திருக்கு."

டச்சுக்காரர்களோடு இரண்டு போர்கள். ஒன்றில் புகைமூட்டத்தில் தன் பக்கத்துக் கப்பலையே சுட்டது. அதற்குக் கப்பல் தலைவர் எழுதிய விளக்கக் கடிதம் ஆறு பக்கம். விளக்கம் நீளும் இடத்தில் தவறு இருக்கும் என்பது என் தொழில் அனுபவம்.

1686 அக்டோபரில் நம் கரையோரம் வந்தபோது புயலில் மணல்திட்டில் ஏறிக்கொண்டது. எடையைக் குறைக்கப் பத்தொன்பது பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். பிறகு கப்பல் மீண்டு ஊர் திரும்பி, நான்கு ஆண்டுகளில் மரத்துக்காக உடைக்கப்பட்டது.

"ஏதாவது மாட்டுக் கொட்டகையில உத்தரமா இருக்கும் சார் இப்ப. மிச்சம்னு இருக்கிறது நொச்சிமேட்டுல நிக்கிற அது ஒண்ணுதான். எங்க காட்சிக்கூடத்துல மூணு கண்ணாடிப் பெட்டி காலியா கிடக்கு."

தட்டச்சுப் படி நாற்பத்தாறாம் பக்கத்தோடு நிற்கிறதே என்று கேட்டேன். பீரங்கிகளைத் தள்ளிய செய்தி நாற்பத்தாறில் வந்துவிடுகிறது, வழக்குக்கு அது போதும் என்று மேலதிகாரி நிறுத்தச் சொன்னாராம். மிச்சம் பழைய கையெழுத்தில் அப்படியே இருக்கிறது.

தாக்கல் செய்யப்பட்ட ஆவணத்தை முழுதும் படிப்பது என் வழக்கம்.

8.8.1998, சனி

பக்கம் 47இல் பாதி. மாலைக்குள் பதினோரு வரிகள். தனபாக்கியம் தொலைபேசினாள். சதையெடுத்து அனுப்பிவிட்டார்களாம். முடிவு வர ஒரு வாரம் ஆகும். சாம்பார்ப் பொடி இரண்டாவது தட்டில் இருப்பதாகச் சொன்னாள். முதல் தட்டில் இருந்தது.

9.8.1998, ஞாயிறு

நொச்சிமேடு சென்றேன். ஆய்வுக்குத் தொடர்பான வேலை எதுவும் இல்லை. பேருந்து நேரத்தைச் சரிபார்ப்பது நோக்கமாகக் கொள்ளலாம்.

11.8.1998, செவ்வாய்

பக்கங்கள் 47, 48 முடிந்தன. அரித்துப்போன பழைய கிரயப் பத்திரங்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கும் நான்கு நாட்கள் ஆயின. சாரம் பின்வருமாறு:

பீரங்கிகளைத் தள்ளிய பிறகும் கப்பல் நகரவில்லை. மறுநாள் காலை கரையிலிருந்து கட்டுமரங்களில் மீனவர்கள் வந்தார்கள். கப்பலின் நங்கூரத்தைக் கட்டுமரங்களில் ஏற்றி ஆழமான இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கப்பலில் இருந்தவர்கள் நங்கூரத்தின் வடத்தை உருளையில் சுற்றி இழுக்க, கப்பல் திட்டிலிருந்து இறங்கியது. இதற்குப் பரிசாகத் தலைவர் துணி கொடுத்தார். மீனவர் தலைவன் துணி வேண்டாம் என்றான். சாராயம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு, அதுவும் போதாது என்றான். ஆழமில்லாத நீரில் கிடந்த ஒரு பீரங்கியைக் காட்டி அதைக் கேட்டான். கப்பல் தலைவர் எழுதுகிறார்: 'அதை அவனுக்கும் அவன் மக்களுக்கும் என்றைக்குமாகக் கொடுத்தேன். எடைக்குறி 28, 1, 14. மேலிடத்துப் பட்டியலில் தொலைந்ததாக எழுதிக்கொள்வேன்.'

பீரங்கியின் எடையை மூன்று எண்களாக அதன் பின்புறத்தில் வெட்டுவது அக்கால வழக்கம்.

ஆக, குப்பத்தார் இருக்கக் கூடாது என்று அஞ்சும் குறியே அவர்களுடைய உரிமைப் பத்திரம். அந்தப் பக்கத்தைத் தாக்கல் செய்தது எதிர்த்தரப்பு.

எண்கள் இருந்தால்தான் இது பயன்படும். இல்லையென்றால் 48ஆம் பக்கம் வேறு ஏதோ பீரங்கியைப் பற்றியது.

ஆணையர் எந்தத் தரப்புக்கும் யோசனை சொல்லக் கூடாது.

12.8.1998, புதன்

சொல்லவில்லை.

13.8.1998, வியாழன்

மறைப்பு ஏற்பாட்டைப் பார்க்க நொச்சிமேடு போனேன். வாதியின் அருகே குங்கிலிய வாடை. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் படகின் பலகை இடுக்குகளை அடைப்பார்கள். இறுகினால் கல்லைப் போல் ஆகும். அருகில் எந்தப் படகும் அடைக்கப்படவில்லை. வாதியின் தலைப்பக்கம் மஞ்சள் மட்டும் புதிதாக இருந்தது.

நாட்டாரிடம் என்ன வாடை என்றேன்.

"கடல் வாடைதான் சார்."

"குங்கிலிய வாடை போல இருக்கிறது."

"கடல்ல எல்லாந்தான் சார் கெடக்கு."

நான்கு ஆண்கள் வலையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலையில் ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. ஊர் வந்த பிறகே அது நினைவுக்கு வந்தது.

14.8.1998, வெள்ளி

காலை 10.15. பாய்த்துணி மறைப்புக்குள் செங்கேணி அம்மாள், எமிலி, நான். மூவருக்கும் கண்கட்டு. வெளியே குப்பம் முழுவதும்.

செங்கேணி காப்பை உடைத்தெடுத்தார். பானையிலிருந்து கடல்நீர் ஊற்றும் ஓசை. பிறகு என் கையைப் பிடித்து வைத்தார். தலைக்குமிழ், அதன் கீழ் ஒரு வளையம், அதன் கீழ் வழவழப்பு. மேலும் வழவழப்பு. எமிலியும் தடவினார்.

"ஒண்ணுமே இல்ல சார்" என்றார். குரல் இறங்கியிருந்தது. வெளியே யாரோ மகிழ்ச்சியில் விசிலடித்தார்கள்.

நான் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஆணையர் எவரும் கேட்கக் கடமைப்பட்டது. கேட்டேன்.

"அம்மா, வழக்குப் போட்ட நாளில் இருந்தபடியேதான் இது இப்போதும் இருக்கிறதா?"

செங்கேணி பானையைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

"வெளிய வச்சிக் கேட்டிருந்தா ஆமான்னிருப்பேன். சாமி மேல கைய வச்சிக்கினு நிக்கிறேன். இப்பக் கேக்கறீங்களே."

"இப்போதுதான் கேட்க முடியும்."

"இல்லய்யா. முந்தாநாளு குங்கிலியம் போட்டு அடச்சிட்டோம்."

வெளியிலிருந்து அஞ்சாபுலி கத்தினார்: "ஏ செங்கேணி! வாய மூடு!"

"நீ மூடுடா! உள்ள நிக்கிறது நானா நீயா?"

வழக்குச் சொத்தை வழக்கு நடக்கும்போது மாற்றுவது குற்றம் என்றும், இப்போதே பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அப்படியே பதிவேன் என்றும் சொன்னேன். அடைத்தவர்களே கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். சூடான எண்ணெய் ஊற்றிச் சுரண்டினார்கள். ஒருவர் இன்னொருவர் கட்டைவிரலைச் சுரண்டினார்.

"டேய், அது என் கை!"

"சாமின்னு நெனச்சேண்டா."

"சாமி கத்துமாடா?"

ஐம்பது நிமிடங்கள் கழித்து அவர்கள் வெளியேறினார்கள். செங்கேணி என் விரலைப் பிடித்து நடத்தினார். "இந்தா, இது சிலுவ. பக்கத்துல சீப்பு. அதுக்குக் கீழ கோடு கோடா என்னாவோ. நாப்பது வருசமாத் தடவறேன்."

"உங்களுக்குத் தெரியுமா!" என்றார் எமிலி.

"கண்ணத்தான கட்டறாங்க, டீச்சரு. கைய யாரு கட்டறது?"

எமிலி டீச்சர் அல்ல என்பதை முன்பே இருமுறை கூறியிருக்கிறேன். எமிலியின் கை என் கைமேல் பட்டது. "சீப்பு இல்லம்மா, யாழ். யாழ் நரம்பு இது. சார், எவ்வளவு கூர்மையா இருக்கு பாருங்க! முந்நூறு வருஷம் எண்ணெய் தேச்சிருக்காங்க. எங்க ஆய்வுக்கூடத்துல வச்சிருந்தா இதுக்குள்ள துருப்பிடிச்சு உதிர்ந்திருக்கும்."

கோடுகளை மூன்று முறை தடவினேன். முதல் முறை: 28, 1, 14. இரண்டாம் முறை: அதே. மூன்றாம் முறை: அதே. எமிலியைத் தனியே தடவிச் சொல்லச் சொன்னேன். அதே.

அதன் பின் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் நான் கையை எடுக்கவில்லை. ஆய்வு முடிந்துவிட்டிருந்தது.

எண்களை வெளியே வந்து படித்தேன். அஞ்சாபுலி மணலில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு" என்றார். பெண்கள் அழத் தொடங்கினார்கள். செங்கேணி கண்கட்டை அவிழ்க்காமல் உள்ளேயே புதுக்காப்புச் சாத்திக்கொண்டிருந்தார். அறிக்கை எழுதி முடிக்கும்வரை நான் எதுவும் சொல்வதற்கில்லை. பேருந்து வரை யாரும் உடன் வரவில்லை.

15.8.1998, சனி

சுதந்திர தினம். பரிசோதனைக்கூடம் விடுமுறை, முடிவு நாளை. அறிக்கை எட்டுப் பத்திகள். எட்டாவது பத்தி, பக்கம் 48 பற்றியது. ஒன்பதாவது பத்தியை எழுதிக் கிழித்தேன். மீண்டும் எழுதினேன். மீண்டும் கிழித்தேன்.

அந்தப் பத்தி இருந்தால், துறை என் அறிக்கை முழுவதையும் தள்ளச் சொல்லலாம். குப்பம் சாமியை இழக்கலாம். இல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

16.8.1998, ஞாயிறு

காலை 8.10. தனபாக்கியத்தின் அக்காள் பேசினார். ஒன்றுமில்லையாம், வெறும் கட்டிதானாம். பிறகு தனபாக்கியம் பேசினாள். "ஏங்க, கேக்குதா? ஏன் பேச மாட்டேங்கறீங்க?" கேட்கிறது என்றேன்.

ஒன்பதாவது பத்தியை எழுதினேன். கிழிக்கவில்லை.

பிற்பகல் நொச்சிமேட்டில், இரு தரப்பையும் வைத்துக்கொண்டு அறிக்கையைப் படித்தேன். எட்டாவது பத்தி முடிந்ததும், புரிந்த முதல் ஆள் அஞ்சாபுலி. "அப்ப அந்தக் குறிதான் எங்க பத்திரமா? அதயா போயி அடச்சோம்?" தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவர் முகம் மாறியது.

"ஆனா சார், ஜெயிக்கணும்னா சாமி வெள்ளக்காரன் பீரங்கின்னு நாங்களே ஒத்துக்கணும், இல்லியா?"

ஆம் என்றேன். எல்லோரும் செங்கேணியைப் பார்த்தார்கள். அவர் சுருட்டைப் பற்றவைத்தார்.

"இருக்கட்டுமே. சாமியாவுறதுக்கு முந்தி அதுக்கும் ஒரு வேல இருந்திருக்கும்ல. எங்க ஊட்டுக்காரரு கூட மொதல்ல திருடனாத்தான் இருந்தாரு."

எமிலி 48ஆம் பக்கத்தைக் கையில் வாங்கித் தாமே எழுத்துக்கூட்டிப் படித்தார். முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. சாட்சியாகக் கையெழுத்திட வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்பதை நான் தெரிவித்தேன்.

"மாத்தல் போட்டுருவாங்க சார்" என்றார். 48ஆம் பக்கத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "போடட்டும். கையில தட்டுப்பட்டத இல்லைன்னு சொல்ல எனக்குத் தெரியாது." பேனா கேட்டார்.

அதற்கு முன் ஒன்பதாவது பத்தியையும் கேட்டாக வேண்டும் என்று கூறி அதைப் படித்தேன். செங்கேணி சொன்னார்:

"சாமிகிட்ட கேட்டதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டா, இந்தக் குப்பத்துல காயிதம் பத்தாது, வக்கீலய்யா."

அப்பத்தியை அப்படியே இங்குப் படியெடுக்கிறேன்:

9. ஆணையரின் ஒப்புதல் வாக்குமூலம்: 14.8.1998 அன்று, ஆய்வு முடிந்த பின், வாதியின் மேல் கை இருந்த நிலையில், என் மனைவியின் உடல்நிலை குறித்து வாதியிடம் ஓர் உதவி கேட்டேன். 16.8.1998 காலை 8.10 மணிக்கு அது கிடைத்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் கூறவில்லை. இல்லை என்றும் கூற இயலவில்லை. வழக்கின் ஒரு தரப்பிடம் நான் கடன்பட்டிருக்கிறேன் என்பதை நீதிமன்றம் அறிய வேண்டும். அக்காரணத்தால் என் அறிக்கை தள்ளப்பட்டால், மேற்படி எண்களை வேறு எவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்க்கலாம். அவை அங்கேயே இருக்கும். கப்பல் தலைவருக்குப் பீரங்கியைக் கொடுக்கும் அதிகாரம் இருந்ததா என்பதையும் நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும். கைம்மாறாக நான் வாதிக்கு ஒப்புக்கொண்டது ஒரு கட்டுச் சுருட்டும் ஒரு சேவலும். தீர்ப்பு வரும்வரை அவற்றைச் செலுத்த மாட்டேன். வாதி மைனர் என்பதால், தாமதத்துக்கு அவருடைய காப்பாளரிடம் எழுத்து மூலம் இசைவு பெறுகிறேன்.

(ஒப்பம்) சி. தாயுமானவன், பி.ஏ., பி.எல்.,
வழக்கறிஞர் ஆணையர்
நொச்சிமேட்டுக்குப்பம், 16.8.1998, மாலை 5.20

சாட்சிகள்:
1. எமிலி ஞானசெல்வம், உதவிக் காப்பாட்சியர், பிரதிவாதி துறை (ஒப்பம்)
2. செங்கேணி அம்மாள், வாதியின் காப்பாளர் (இடது கைப் பெருவிரல் ரேகை; மஞ்சள் படிந்துள்ளது)